மீனை நீருக்கா, நீரை மீனுக்கா?

யாங்கோனில் கடல்மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு வாளியில் மொண்டு வந்து ஊற்றவேண்டியதுதானே?"

2013இல் வேலைக்காக இங்கே வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பான்சோடான் படித்துறையில் போய் நின்றேன். எதிரே யாங்கோன் ஆறு. அக்கரையில் டாலா. தண்ணீர் பால் அதிகம் விட்ட தேநீரின் நிறத்தில் இருந்தது. கடல் அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். ஆனாலும் கடலின் ஏற்றவற்றம் நகரம் வரை வந்து போகிறது. பெருக்கு நாட்களில் நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த வேகத்தில் அடிச்சேறு முழுவதும் கலங்கி மேலே வந்துவிடும். ஆறு போய்ச் சேரும் மொட்டாமா வளைகுடாவோ, உலகிலேயே எந்நாளும் கலங்கிக் கிடக்கிற மிகப் பெரிய கடற்பரப்புகளில் ஒன்று. ஐராவதி கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் அந்தமான் கடலின் வடபகுதியில் உப்பு ஆயிரத்துக்கு 20 முதல் 25 வரை குறைந்துவிடுகிறது. திறந்த கடலில் அது 35. ஆக, இந்த ஊரில் கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் வாளியில் மொள்ளும்படியாக இல்லை.

கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் செயற்கைக் கடலுப்பு வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துத்தான் கடலை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான் குடியிருந்தது மின்தூக்கி இல்லாத கட்டிடத்தின் ஆறாவது மாடி. இருபது லிட்டர் தண்ணீர்க் குடுவைகளைத் தோளில் சுமந்து ஏறும் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. குடிப்பதற்கு வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தவன், அதில் உப்பைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டான்!

மீன் தொட்டியைப் பற்றி இலக்கியம் படிக்கிறவர்களுக்கு எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்கலாம். இடம் மாறும் ஓர் உயிரை அதன் புதிய இடத்துக்கு எப்படிப் பழக்குவது என்பதுதான் விஷயம். ஊர் விட்டு ஊர் போன நம் எல்லோருக்கும் அதில் கொஞ்சம் அக்கறை இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

மூன்றாம் நாள்

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். பாத்தி நீரில் கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். கடல்நீர் மூன்றரை டிகிரி, உப்பு பூப்பது 25 டிகிரியை ஒட்டி என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு போல. உப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் அதனால் வந்தது.

2014இல் தொட்டி தயாரானது. இரண்டு மாதம் மீன் இல்லாமல் ஓடவிட்டேன். கழிவை உடைக்கும் பாக்டீரியாக்கள் குடியேற அவ்வளவு நாள் வேண்டும். உப்பு சரியாக 35. பிறகு இங்குள்ள ஒரு கடையில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனும் வாங்கினேன். புத்தகத்தில் படித்தபடியே எல்லாம் செய்தேன். பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கினேன். மீன்களைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் இறக்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. இரண்டாம் நாள் தீனி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்ணத்துப்பூச்சி மீன் அடியில் கிடந்தது. மாலைக்குள் மற்ற இரண்டும் போயின. மகள் அழவில்லை. "நான் தப்பா எண்ணிட்டேனாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைக்குப் போனேன். சண்டை போடுவதுதான் நோக்கம். அங்கே மீன்களைப் பார்த்துக்கொள்பவர் அறுபதைத் தாண்டிய தமிழர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, எங்க தொட்டியில உப்பு எவ்வளவுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. என் தொட்டியின் உப்பை நாள் தவறாமல் அளந்தவன், மீன் வந்த தண்ணீரை ஒருமுறைகூட அளக்கவில்லை. அவர்கள் தொட்டியில் உப்பு 25. உலகம் முழுவதும் பல மீன் கடைகள் இப்படித்தான் உப்பைக் குறைத்து வைக்கின்றன. உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணிகளின் தொல்லையும் குறையும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்த 25இலிருந்து 35க்கு மீன்களை ஒரே மணி நேரத்தில் ஏற்றியவன் நான்தான்.

மீன் ஏன் தண்ணீர் குடிக்கிறது?

நடந்தது என்ன என்று புரிய, மீனின் உடம்புக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

கடலில் வாழும் எலும்பு மீனின் இரத்தம் கடலைப் போல உப்பாக இருக்காது. கடலின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நடுவே செவுளின் மெல்லிய தோல். பள்ளியில் படித்த சவ்வூடு பரவலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும். அப்படியானால் கடல்மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதைப் போல. தண்ணீருக்குள்ளேயே வாழும் மீனுக்கு நித்திய தாகம்!

அதனால் கடல்மீன் கடல்நீரைக் குடிக்கிறது. இதை 1930இல் ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியலாளர் சோதனை செய்து காட்டினார். குடித்த நீரோடு உப்பும் உள்ளே போகிறதே, அதை என்ன செய்வது? இரண்டு ஆண்டுகள் கழித்து, 1932இல் ஆன்சல் கீஸ், எட்வர்ட் வில்மர் என்ற இருவர் விலாங்கு மீனின் செவுளில் உப்பை வெளியே தள்ளும் தனி உயிரணுக்களைக் கண்டு எழுதினார்கள். (இதே ஆன்சல் கீஸ்தான் பிற்காலத்தில் உணவுக் கொழுப்பையும் இதயநோயையும் பற்றிப் பேசி உலகப் புகழ் பெற்றார்.) மக்னீசியம், சல்பேட் போன்றவற்றைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பதால் கடல்மீன் கழிக்கும் சிறுநீர் மிகக் குறைவு.

நன்னீர் மீனுக்கு எல்லாம் தலைகீழ். அதன் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். அது தண்ணீரைக் குடிப்பது மிகக் குறைவு. நீர்த்த சிறுநீரை நிறையக் கழித்து, செவுள் வழியாக உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஆக, கடல்மீனின் செவுளில் ஓர் உப்பு இறைக்கும் யந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. உப்பு குறைந்த நீரில் வைத்தால் அதற்கு வேலை குறையும். உடம்பும் சிக்கனக்காரன்தான். வேலை இல்லாத ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடும். கடைத்தொட்டியில் சில வாரங்கள் 25இல் இருந்த மீனின் செவுள் 25க்கு ஏற்றபடி அமைந்துவிடுகிறது. அதைத் திடீரென்று 35இல் விட்டால் தண்ணீர் வேகமாக வெளியேறும். அதை ஈடுகட்ட மீன் அதிகம் குடிக்கும். உள்ளே வரும் உப்பை இறைக்கப் போதிய ஆட்கள் இல்லை. புதிய ஆட்களைச் சேர்க்கச் சொல்லிக் கார்ட்டிசால் என்ற இயக்குநீர் ஆணையிடுகிறது. ஆனால் அந்த உயிரணுக்கள் வளர்ந்து வேலைக்கு வரச் சில நாட்களாவது ஆகும். அதற்குள் இரத்தம் கெட்டிப்பட்டு மீன் வறண்டுபோகிறது. தண்ணீருக்குள்ளேயே தாகத்தால் சாவு.

மூன்றாம் நாள் ஏன் செத்தன என்பது இப்போது புரிகிறதல்லவா? ஒரு மணி நேரச் சொட்டோ இரண்டு மணி நேரச் சொட்டோ, இதில் பெரிய வித்தியாசம் இல்லை. செவுளின் கணக்கு மணியில் இல்லை, நாளில் இருக்கிறது. என் மகள் சொட்டுகளைத் தப்பாக எண்ணவில்லை.

இறங்குவது எளிது, ஏறுவது கடினம்

இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. உப்பு அதிகமான நீரிலிருந்து குறைவான நீருக்கு மாற்றுவதைப் பெரும்பாலான கடல் எலும்பு மீன்கள் தாங்கிக்கொள்ளும். வேலை குறைவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருத்துவமாகவே சிலர் உப்பை ஆயிரத்துக்கு 15 வரை இறக்கி, சில வாரங்கள் வைத்திருப்பதுண்டு. ஒட்டுண்ணி சாகும், மீன் பிழைக்கும். ஆனால் குறைவிலிருந்து அதிகத்துக்கு ஏற்றுவதை நாள் கணக்கில்தான் செய்யவேண்டும். நாளுக்கு ஆயிரத்துக்கு 2 என்பது பாதுகாப்பான அளவு.

இந்த விதி எலும்பு மீன்களுக்கு மட்டுமே. இறால், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, பவளம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. நட்சத்திர மீனுக்கு இறைக்கும் யந்திரமே கிடையாது. வெளியே என்ன உப்போ அதுவே உள்ளேயும். சிறு மாற்றமும் அதன் உடம்பு முழுவதையும் உலுக்கிவிடும். அவற்றுக்கு ஏற்றமும் ஆபத்து, இறக்கமும் ஆபத்து. அவற்றுக்குத்தான் நீண்ட, பொறுமையான சொட்டு முறை உண்மையாகப் பயன்படுகிறது. சுறாவின் கதை வேறு. அது இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொண்டு கடலோடு சரிசமமாக இருக்கிறது.

சொட்டில் ஒளிந்திருக்கும் நஞ்சு

அப்படியானால் மீனையும் வாளியில் வைத்து நாள் முழுவதும் சொட்டவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கே இன்னொரு பொறி இருக்கிறது.

யாங்கோனுக்கு வரும் கடல்மீன்களில் பல பாங்காக்கிலிருந்து விமானத்தில் வருகின்றன. பிடித்தவர் கையிலிருந்து நம் கைக்கு வர ஒரு நாளைக்கு மேலும் ஆகலாம். அத்தனை நேரமும் மூடிய பைக்குள் மீன் மூச்சு விடுகிறது, கழிவு விடுகிறது. மூச்சில் வந்த கரியமில வாயு நீரில் கரைந்து அதை அமிலப் பக்கம் தள்ளுகிறது. கழிவில் வந்த அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே போகிறது. ஆனால் பி.எச். குறைந்த நீரில் அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, அதிகம் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பைக்குள் இருக்கிற வரையில் மீன் ஏதோ சமாளிக்கிறது.

பையைத் திறக்கிறோம். கரியமில வாயு வெளியேறுகிறது. கடல்நீரைச் சொட்டவிடுகிறோம், அதன் பி.எச். 8க்கு மேல். வாளி நீரின் பி.எச். ஏறுகிறது. அது ஒரு அலகு ஏறினால் நஞ்சான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது! மீனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அதன் கழிவையே நஞ்சாக மாற்றி, அதிலேயே அதை ஊறவைக்கிறோம்.

ஆக இரண்டு பக்கமும் முட்டுகிறது. வேகமாக மாற்றினால் உப்பு கொல்லும். மெதுவாக மாற்றினால் அம்மோனியா கொல்லும். இதற்கு வழி என்ன?

கடைப் பெரியவர் சொன்ன வழி ரொம்ப எளியது. "மீன ஏன் தம்பி தண்ணிக்குப் பழக்குறீங்க? தண்ணிய மீனுக்குப் பழக்குங்க."

எட்டு லிட்டர் கணக்கு

அதன்பிறகு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பெரிய தொட்டியைத் தவிர, நாற்பது லிட்டர் சிறு தொட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். வடிகட்டி, காற்றுக்குழாய், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, அவ்வளவுதான். புதிதாக வரும் மீன் முதலில் அங்கேதான் இறங்கவேண்டும்.

மீன் வாங்குவதற்கு முன்பே கடைத்தொட்டியின் உப்பைக் கேட்டு, சிறு தொட்டியை அதே அளவில் தயாராக வைக்கிறேன். 25 என்றால் நாற்பது லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு. (கடலுப்புக் கலவையில் ஈரம் இருக்கும், எனவே கொஞ்சம் கூடவே பிடிக்கும். கரைத்து அளந்து பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.) மீன் வந்ததும் வெப்பத்துக்காகப் பையை மூடியபடியே கால்மணி நேரம் மிதக்கவிடுகிறேன். பிறகு திறந்து பைத்தண்ணீரை அளக்கிறேன். ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தால் சிறு தொட்டியில் நன்னீரோ உப்புநீரோ சேர்த்துச் சரிசெய்கிறேன். உடனே மீனை மட்டும் எடுத்துச் சிறு தொட்டியில் விட்டுவிடுகிறேன். பைத்தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். பை திறந்து மீன் இறங்கப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. உப்பில் மாற்றம் இல்லை, அம்மோனியா வெளியே போயிற்று.

இனி ஏற்றம். மறுநாளிலிருந்து தினமும் எட்டு லிட்டர் நீரை எடுத்துவிட்டு, 35 அளவுள்ள எட்டு லிட்டர் உப்புநீரை மெதுவாக ஊற்றுகிறேன். எட்டு லிட்டர் என்பது நாற்பதில் ஐந்தில் ஒன்று. எனவே 35க்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். முதல் நாள் இடைவெளி 10. பிறகு 8, 6.4, 5.1, 4.1, 3.3, 2.6. ஏழாம் நாள் முடிவில் 2.1. அதாவது தொட்டி கிட்டத்தட்ட 33க்கு வந்துவிடும். எந்த நாளிலும் ஏற்றம் 2ஐத் தாண்டுவதில்லை. நாள் போகப்போக அடி தானாகவே சிறுத்துக்கொண்டு போகிறது. தினமும் நீர் மாற்றுவதால் சேரும் அம்மோனியாவும் குறைகிறது. கடைசி 2க்கு, ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக நன்னீர் ஊற்றாமல் உப்புநீரே ஊற்றினால் சில நாட்களில் வந்துவிடும். அதற்கு மேலும் இரண்டு மூன்று வாரம் நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் பெரிய தொட்டி.

அளக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முள் ஆடும் மலிவான பிளாஸ்டிக் பெட்டிகளை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே உப்பு கூடுதலாகக் காட்டும். கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒளிவிலகல்மானி நல்லது. ஆனால் அதையும் வெறும் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 35 அளவுள்ள சோதனைக் கரைசல் தனியாகக் கிடைக்கிறது, அதில் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35இல் தவறலாம். ஒப்படர்த்தி அளவில் பார்க்கிறவர்களுக்கு, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 35 என்பது 1.026, 25 என்பது 1.019.

இன்னொன்று, மின்வெட்டு. இந்த ஊரில் அதைக் கணக்கில் சேர்க்காமல் எதையும் திட்டமிட முடியாது. பேட்டரியில் ஓடும் காற்றுக்கருவி ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். உப்புநீரிலும் வெந்நீரிலும் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். நம்முடையதோ இரண்டும் சேர்ந்த நீர்.

ஆற்றில் ஏறும் மீன்

பெரியவரின் யோசனை ஏதோ ஒரு கடைக்காரரின் கைவைத்தியம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், மீனோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மரக்காணம் கடற்கரையை ஒட்டி இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. குஞ்சு பொரிப்பது கடல்நீரில். வாங்குகிற பண்ணைக்காரரின் குளத்திலோ உப்பு வேறு. எனவே அவர் தன் குளத்து உப்பை அளந்து முன்கூட்டியே சொல்லிவிடுவார். பொரிப்பகத்தில் சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே பையில் கட்டுவார்கள். பயணத்துக்கு முன்பே பழக்கம் முடிந்துவிடுகிறது. குளத்தங்கரையில் நின்று அவசரமாகப் பழக்குகிற வேலை குறைகிறது.

கொடுவாவும் அப்படியே. வளர்வது ஆற்றிலும் கழிமுகத்திலும், முட்டையிடுவது உப்பு நீரில். சென்னையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பண்ணைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கடலுப்பில் பிறந்த அந்தக் குஞ்சுகளைப் படிப்படியாக உப்பைக் குறைத்து நன்னீர்க் குளங்களிலும் வளர்க்க முடிகிறது. இங்கே பர்மியர்கள் அதே மீனைக் ககதிட் என்கிறார்கள். யாங்கோன் சந்தைகளில் நல்ல விலை.

ஆனால் இந்த ஊரில் உப்புப் பழக்கத்தின் உண்மையான ஆசான், நம்மூரில் உல்லம் என்று சொல்லும் இல்ஷா மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஐராவதியில் ஏறுகிறது. அதற்குச் சிறு தொட்டி வைக்க ஆள் இல்லை. கழிமுகமே அதன் சிறு தொட்டி. உப்பும் இல்லாத, நன்னீரும் இல்லாத அந்த நடுநீரைக் கடந்துதான் அது மேலே போகவேண்டும். போகப்போகப் புரோலாக்டின் என்ற இயக்குநீர் செவுளின் வேலையைத் திருப்பிப் போடுகிறது. உப்பை வெளியே தள்ளிய உறுப்பு இப்போது உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. அதே மீனை இங்கே தக்காளியும் புளிப்பும் சேர்த்து முள் கரையும் வரை மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். கடைப் பெரியவர் வீட்டில் சாப்பிட்டேன். பொறுமையான மீனுக்குப் பொறுமையான சமையல்!

நம் மொழியில் இந்த நடுநீருக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. உவர், கழி, உப்பங்கழி, கழிமுகம். நெய்தல் பாடிய புலவர்களுக்குக் கழி வெறும் பின்னணி அல்ல, காத்திருக்கும் இடம். உப்பைக் குறிக்க ஒரு சொல்லும், அந்தச் சுவையைக் குறிக்க உவர்ப்பு என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிற மொழிக்கு, உப்பில் பல படிகள் உண்டு என்பது தெரிந்தே இருந்திருக்கிறது.

மண்டபம் முகாம்

கடல்மீன் ஆராய்ச்சியைப் பற்றிப் படிக்கும்போது மண்டபம் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் மண்டபம் முகாமுக்குத்தான் வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது. கடல் விராலை இந்தியாவில் முதன்முதலாக 2010இல் இனப்பெருக்கம் செய்ய வைத்தது அங்கேதான். கோமாளி மீன் போன்ற வண்ண மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது.

அந்த ஊர்ப்பெயரில் "முகாம்" ஏன் வந்தது என்பது நம்மில் பலருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை அங்கே நிறுத்தி, தொற்றுநோய் இல்லை என்று பார்த்த பிறகே கடல் கடக்க விட்டார்கள். 1980களிலிருந்து எதிர்த்திசையில் வந்த இலங்கை அகதிகளுக்கும் மண்டபத்தில் முகாம். புதிதாக வரும் மீனைத் தனித்தொட்டியில் நிறுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் நினைவுக்கு வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என் சிறு தொட்டியில் நான் நீரை மீனுக்கு ஏற்றபடி மாற்றுகிறேன். மண்டபத்தில் நிறுத்தப்பட்டவர்களுக்காக யாரும் எதையும் மாற்றவில்லை. சோதித்தார்கள், அனுப்பினார்கள். மிச்சத்தை அவர்களே பழகிக்கொண்டார்கள்.

ரங்கூனுக்கு வந்தவர்களுக்கு அந்த நடுநீரும் இல்லை. கப்பல் ஏறிச் சில நாட்களில் படித்துறையில் இறங்கினார்கள். 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பல லட்சம் பேர் வெளியேறினார்கள், நடந்தே போனவர்கள் ஏராளம். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு இன்னொரு அலை. கடைப் பெரியவரின் அண்ணன் அந்த அலையில் சென்னைக்குக் கப்பல் ஏறினார். இவர் இங்கேயே இருந்துவிட்டார். "அண்ணன் அங்க போயி ஒரு வருசம் எதுவும் ஒத்துக்கலேன்னு எழுதுனாரு. தமிழ் பேசுற ஊருதான். அவருக்குப் பழகினது இந்தத் தண்ணி" என்றார். சொந்த ஊருக்குத் திரும்பியவர் என்று காகிதம் சொல்லும். அந்த அண்ணனின் உடம்புக்கு அது புது ஊர்.

மீனை வைத்து மனிதருக்குப் பாடம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மனிதருக்குச் செவுள் இல்லை. ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. புதிதாக வருகிறவரிடம் நம் ஊரின் உப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். உங்கள் நீரில் உப்பு எவ்வளவு இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

முதல் மூன்று மீன்கள் செத்து ஆறு மாதம் கழித்து மறுபடியும் இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினேன். இந்த முறை பைத்தண்ணீரை அளந்தது மகள். கருவியை ஜன்னல் பக்கம் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இருபத்தி நாலுப்பா" என்றாள். சிறு தொட்டியில் ஒரு குவளை நன்னீர் ஊற்றினோம். மூன்றாம் நாள் காலையில் எனக்கு முன்பே எழுந்து போய்ப் பார்த்தாள். இரண்டும் குழாய்த் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

கடைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். அன்றிலிருந்து என்னிடம் மட்டுமல்ல, யார் மீன் வாங்கினாலும் பையின் மேல் பேனாவால் ஓர் எண்ணை எழுதித்தான் கொடுக்கிறார்.